கைப்பேசிக்கு வந்த பாடம் கைக்கு வந்ததா?

அங்கத்தினர்க்குக் கல்வி அளிப்பது சங்கத்தின் கடமைகளுள் ஒன்று என்பது நம் இயக்கத்துக்குப் புதிய செய்தியன்று. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் சிறு கடை ஒன்றைத் திறந்த முன்னோடிகளுள் நெசவாளர்களும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்ற அக்கடையின் மேல்மாடியில் சில ஆண்டுகளுக்குள் வாசகசாலை ஒன்று தோன்றிற்று. உபரியில் நூற்றுக்கு 2½ பங்கு கல்விக்கென்று ஒதுக்கப்பெற்றது. 1995ஆம் ஆண்டில் அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டணி மான்செஸ்டர் நகரில் கூடி ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது, கல்வியும் பயிற்சியும் செய்தியும் அளித்தல் வேண்டும் என்பதே. நம் சங்கங்களும் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தி வருகின்றன.

அன்று கல்விக்குக் கருவி புத்தகம். இன்று அவ்விடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. நூல் முறுக்கு முதல் பூச்சி மருந்து வரை எதனைப்பற்றிக் கேட்டாலும் விளக்கப் படம் ஒன்று உள்ளங்கையில் வந்து நிற்கின்றது. தமிழக அரசின் உழவன் செயலி 2018ஆம் ஆண்டிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. நெசவாளர் ஐயங்களைத் தொலைபேசி வழியே தீர்க்கும் பொருட்டு மத்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய உதவி மையம், தமிழ் உட்பட ஏழு மொழிகளில் விடை கூறுமாறு அமைக்கப்பெற்றது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும், ஒரு பாடத்தை அங்கத்தினரின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டால் அவருக்குப் பயிற்சி அளித்தாயிற்று என்று கணக்கெழுதுவது முறையாகுமா? இக்கேள்வியை நான் பிறர்மீது குற்றம் சாட்டுவதற்காக எழுப்பவில்லை. அவ்வாறு எழுதப்பெற்ற ஒரு கணக்கின் கீழ் நானே கையொப்பமிட்டவன்.

நடந்தது இது. கொங்கு நாட்டுக் கைத்தறிச் சங்கம் ஒன்றுக்குப் படுக்கை விரிப்புகளுக்கான பெரிய கேட்பு ஒன்று கிடைத்தது. வழக்கமாக நெய்வதைவிட ஊடை நெருக்கமாக இருத்தல் வேண்டும் என்பது வாங்குவோரின் நிபந்தனை. அங்குலத்துக்கு எத்தனை இழை, அவற்றைக் கண்ணாடி வைத்து எண்ணுவது எங்ஙனம், எவ்வளவு நெருக்கி அடித்தல் வேண்டும் என்பவற்றை விளக்கும் ஆறு நிமிடப் படம் ஒன்றைச் சங்கச் செயலாளர் எல்லா அங்கத்தினர்க்கும் கைப்பேசியில் அனுப்பினார். பயிற்சிப் பதிவேட்டில் அத்தனை பெயர்களும் ஏறின. ஆய்வுக்குச் சென்ற நான் பதிவேட்டைக் கண்டேன், பெயர்களை எண்ணினேன், “பயிற்சி நிறைவுற்றது” என்று குறிப்பெழுதிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

இரண்டு மாதங்கள் கழித்து விரிப்புகளில் ஒரு பகுதி ஊடை குறைவு என்று திரும்பிவந்தது. திரும்பிய துணிக்குக் கூலி பிடிக்கப்பட்டது. அவ்வாறு கூலி இழந்தவருள் ஒருவர், முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்திருக்கும் அம்மையார். அவர் கைக்குறையால் இது நேர்ந்திருக்க முடியாது. “படம் வந்ததே, பார்க்கவில்லையா அம்மா?” என்று கேட்டேன். “போனு காலையிலே பையனோட மில்லுக்குப் போயிட்டு ராத்திரிதானுங்க வரும். படம் வந்துச்சுன்னு அவன் சொன்னானுங்க. அவன் தறியிலே உக்கார்றதில்லீங்களே” என்றார். அவர் குரலில் கோபமில்லை. அதுவே எனக்கு மிகவும் உறுத்தலாயிற்று. எண் அவருடையது, பெயர் அவருடையது, கூலியிழப்பும் அவருடையது. கைப்பேசி மட்டும் அவருடையதன்று. இதனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே அறிந்திருப்பேன். நான் கேட்கவில்லை.

இஃது ஒருவரது நிலைமட்டுமன்று. 2019-20ஆம் ஆண்டின் அனைத்திந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியையும் அதனைச் சார்ந்த வேலைகளையும் நம்பியிருப்போர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வோ, தாமே பயன்படுத்தும் கைப்பேசியை உடைய பெண்கள் நாட்டில் நூற்றுக்கு 54 பேரே என்கின்றது. அவர்களுள்ளும் அதில் வரும் குறுஞ்செய்தியைப் படிக்கக்கூடியவர் நூற்றுக்கு 71 பேர். தமிழ்நாட்டின் நிலை இதனினும் மேலானது. ஏறத்தாழ நான்கில் மூவரிடம் கைப்பேசி உண்டு. அப்படியாயினும் நான்காமவரும் நம் சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவரே அன்றோ? அவரை விட்டுவிட்டு நடத்தும் கல்வியைக் கூட்டுறவுக் கல்வி என்று அழைத்தல் தகாது.

கருவி வந்தவுடன் கல்வியும் வந்துவிட்டது என்று எண்ணிய காலம் முன்பும் ஒன்று இருந்தது. அப்போது கருவி வானொலி. 1956ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலியின் பூனா நிலையம் ஒரு சோதனை நடத்திற்று. அன்றைய பம்பாய் மாகாணத்தில் ஏறத்தாழ 150 கிராமங்களில் கேட்போர் மன்றங்கள் அமைக்கப்பெற்றன. உழவர்களுக்கென்று 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. மன்றத்தார் ஒன்றாக அமர்ந்து கேட்பர். கேட்டபின் தம்முள் விவாதிப்பர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்புவர். ஒப்பிட்டுப் பார்க்கும்பொருட்டு, வானொலிப் பெட்டி மட்டும் உள்ள, மன்றம் இல்லாத ஊர்களையும் ஆராய்ந்தனர். மன்றமிருந்த ஊர்களில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அவ்வளர்ச்சி மிகக் குறைவு. நிகழ்ச்சி ஒன்றே, குரலும் ஒன்றே. வேறுபாடு கூடியிருந்து பேசியதில்தான் இருந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின் இதே உண்மை படக்கருவியின் வாயிலாக மீண்டும் வெளிப்பட்டது. ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் முயற்சி 2006ஆம் ஆண்டில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிற்று. அதன் வழி எளியது. அவ்வட்டாரத்து உழவர் தம் வயலில் செய்து காட்டுவதையே படம் பிடிப்பர், பக்கத்து ஊர்களில் மாலை வேளையில் சிறு குழுக்களைக் கூட்டிக் காட்டுவர், உள்ளூர்க்காரர் ஒருவர் இடையிடையே படத்தை நிறுத்தி, “நீங்கள் இதனை எப்படிச் செய்கின்றீர்கள்?” என்று வினவுவார். கர்நாடகத்தில் 16 கிராமங்களில் 13 மாதங்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, வழக்கமான விரிவாக்கப் பணியால் புதிய முறைகளை மேற்கொண்டோரைப்போல் ஏழு மடங்கினர் இவ்வழியில் மேற்கொண்டனர் என்று கண்டனர். படத்தில் தோன்றுபவர் தம் பேச்சைப் பேசுபவரா, தம்மைப்போன்ற நிலமுடையவரா என்பதைப் பார்ப்போர் உற்றுக் கவனித்தனர் என்பதும் அவ்வாராய்ச்சி தரும் செய்தி.

நம் நாட்டுத் தேனி மாவட்டத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காமன்வெல்த் கற்றல் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘உழவர்க்கான வாழ்நாள் கல்வி’ என்னும் திட்டத்தின்கீழ், விடியல் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் ஆடு வளர்ப்புக்கு வங்கிக் கடன் பெற்றபோது, கைப்பேசி வாங்குவதற்கான தொகையும் அக்கடனிலேயே அடங்கியிருந்தது. ஆட்டு நோய், தீவனம், கடன் கணக்கு முதலியவை பற்றிய பாடங்கள் சிறு சிறு குரல் செய்திகளாக வந்தன. மேய்ச்சல் நிலத்தில் நின்றுகொண்டே அவர்கள் கேட்டனர். எழுத்தறியாமை இங்குத் தடையாகவில்லை. இரு குறிப்புகளை நாம் மறத்தலாகாது. கைப்பேசி அப்பெண்களின் சொந்தக் கருவி. அவர்கள் முன்னரே சுய உதவிக் குழுக்களாகக் கூடிப் பழகியவர்கள்.

இதிலிருந்து நான் கொண்ட முடிவு ஒன்றே. கைப்பேசி நல்ல பாடப்புத்தகம். ஆனால் அது பள்ளிக்கூடமாகாது. பள்ளிக்கூடம் நம் சங்கக் கூடம்தான்.

இதற்கு இளைஞர்கள் ஒரு மறுப்புக் கூறுவர். “அவரவர் ஓய்வில் அவரவர் பார்த்துக்கொள்வதன்றோ இதன் சிறப்பு? மறுபடியும் கூட்டம் எதற்கு?” என்பர். அவர்கள் கூற்றில் நியாயமில்லாமலில்லை. ஒரு முறை விளங்காததைப் பத்து முறை பார்க்கலாம்; விரைவாக ஓடும் கையை மெல்ல ஓடச் செய்து நோக்கலாம்; இவை எந்த ஆசிரியரிடமும் கிட்டாத வசதிகள். ஆனால் படம் சொல்வதைத்தான் சொல்லும். நாம் கேட்பதற்கு விடை சொல்லாது. விளைபொருள் சங்கம் ஒன்றில் நான் நேரில் கண்டதை இங்குக் கூறுகின்றேன். வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் துணியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, 100 லிட்டராக நிரப்பித் தெளிக்க வேண்டும் என்று படம் முடிந்தது. உடனே ஒருவர், “என் தெளிப்பான் பத்து லிட்டர்தானே, அதற்கு எவ்வளவு?” என்றார். “அரைக் கிலோ” என்று பின்வரிசையிலிருந்து விடை வந்தது. இன்னொருவர், நெடுநாள் பரணில் கிடந்த கொட்டை ஆகுமா என்றார். ஆகாது, வீரியம் குறைந்துவிடும் என்று ஒரு முதியவர் விளக்கினார். இவ்விரண்டு விடைகளும் படத்தில் இல்லை, அக்கூட்டத்தில் இருந்தன. தனியே வீட்டில் பார்த்தவர் கணக்குத் தப்பித் தெளித்திருப்பார். பூச்சி போகவில்லையென்றால் வேம்பின்மீது பழி போட்டிருப்பார்.

முதியோர் கூறும் மறுப்பு வேறு. தறித்தொழில் கையால் கற்பது, கண்ணாடித் திரையில் கற்பதன்று என்பர். உண்மை. ஆனால் கோர்வை போடுவதில் தேர்ந்த ஒருவர் தறியைவிட்டு எழுந்துவிட்டால், அவர் கையோடு அவ்வித்தையும் போய்விடுகின்றதே! அவர் கையசைவைப் படமாக எடுத்துச் சங்கத்தில் சேமித்து வைப்பது, பழைய மாதிரித் துணிகளைப் பேழையில் வைத்துக் காப்பதற்கு ஒப்பாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. அங்கத்தினர் வீட்டுப் பிள்ளையிடம் உள்ள கைப்பேசியே போதும்.

ஆகவே நிர்வாகக் குழுவினர்க்குச் சில யோசனைகளை முன்வைக்கின்றேன். மாதம் இருமுறை, ஒரு மணி நேரம், சங்கக் கூடத்தில் பெரிய திரையிலோ வெள்ளைச் சுவரிலோ பாடத்தைக் காட்டுதல் வேண்டும். தொழில் தேர்ந்த அங்கத்தினர் ஒருவரே அதனை நிறுத்தி நிறுத்தி விளக்குதல் வேண்டும். பெண்களுக்கு ஏற்ற நேரத்தை அவர்களைக் கேட்டே குறித்தல் வேண்டும். ஆண்கள் கூடிக் குறித்த நேரம் அடுப்பெரியும் நேரமாய் முடிவதை எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கின்றேன். அதன்பின் அப்படத்தை அவரவர் கைப்பேசிக்கு அனுப்புக. மறுபடி பார்க்க அது உதவும்.

இவையனைத்தினும் முக்கியமானது கூலி. நெய்த அளவுக்குக் கூலி பெறுபவர் ஒரு மணி நேரம் தறியைவிட்டு எழுந்தால் அந்த நேரத்து வருமானம் போயிற்று. ஆலையில் பயிற்சி பெறும் தொழிலாளிக்குப் பயிற்சி நேரமும் வேலை நேரமே. நம் சங்கத்திலோ கற்பவர் தம் வயிற்றிலிருந்து கட்டணம் செலுத்திக் கற்கின்றார். கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்று குறைகூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக ஒரு சிறு தொகையை வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்து, பேரவையில் முறைப்படி தீர்மானம் இயற்றுதல் தகும். திரும்பிவந்த ஒரு கட்டு விரிப்பினால் நேர்ந்த நட்டத்தோடு ஒப்பிட்டால் இச்செலவு சிறிதே.

இறுதியாக, பதிவேடு. “அனுப்பப்பட்டது” என்பதைப் பயிற்சியாகக் கொள்ளும் வழக்கம் ஒழிதல் வேண்டும். பயின்றவர் தறியில் ஓரங்குலம் நெய்து காட்டி, ஊடை எண்ணிக்கை சரியாக இருப்பதை இன்னொரு அங்கத்தினர் பார்த்தபின்னரே பெயர் ஏறுதல் வேண்டும். என்னைப் போன்ற ஆய்வாளர்க்கும் இதில் பங்குண்டு. பெயர்களை எண்ணுவது எளிது. நான்கு வீட்டுத் தறிகளைப் போய்ப் பார்ப்பது அரை நாள் வேலை. அந்த அரை நாளை அன்று நான் செலவிடாததால் ஓர் அம்மையாரின் கூலி போயிற்று. அவருக்குப் பிடித்த தொகையை மறு பரிசீலனை செய்யுமாறு குறிப்பெழுதினேன்; நிர்வாகக் குழுவும் இசைந்தது. எனினும், முப்பது ஆண்டு நெய்த கை பிழை செய்தது என்று ஊரார் பேசிய பேச்சை எந்தக் குறிப்பால் திருப்பித் தர முடியும்?

அங்கத்தினர்களே, அடுத்த பேரவைக் கூட்டத்தில் உங்கள் செயலாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வாண்டு நம் கைப்பேசிகளுக்கு வந்த பாடங்களுள் நம் கைகளுக்கு வந்தவை எத்தனை? விடை உடனே கிடைக்காவிட்டால், சங்கக் கூடத்தைப் பெருக்கிப் பாய் விரிக்கும் வேலையை அன்று மாலையே தொடங்கலாம்.