குறிப்பேட்டில் ஏறாத விலங்குகள்

பறவை நோக்குதலுக்கு நம் கல்வி நிலையங்களில் ஒரு மதிப்பு உண்டு. காட்டுப் பாலூட்டிகளைப் பார்த்துப் பதிவுசெய்யும் பழக்கமோ இன்னும் வெறும் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. இக்கருத்து தவறானது என்பதே என் வாதம். ஐசர், ஐஐடி என இரண்டு பெருங்கல்வி நிறுவனங்கள் அமைந்துள்ள ஏர்பேட்டில் இதைப் பேசுவது பொருத்தமானது.

இங்கிருந்து வெங்கடகிரி செல்லும் சாலை வெலிகொண்டா மலைத்தொடரை நெருங்குகிறது. கடப்பைக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட இம்மலைகளில் கிடைத்த ஒரு சிறு விலங்கை 1850இல் வாட்டர்ஹவுஸ் அறிவியலுலகுக்கு விவரித்தார். அதன் சிற்றினப் பெயரான 'எல்லியோட்டி' வால்டர் எலியட்டைக் குறிக்கிறது. அவர் விலங்கியல் பேராசிரியர் அல்லர். சென்னை மாகாண ஆட்சிப் பணியாளர். 1913இல் லயன் சூட்டிய 'அனத்தானா' என்னும் பேரினப் பெயரோ 'மூங்கில் அணத்தான்' என்ற தமிழ் வழக்கிலிருந்து வந்தது. ஓர் ஆர்வலரின் பெயரும் ஊர்மக்களின் சொல்லும் சேர்ந்தே அவ்விலங்கின் அறிவியல் பெயராயின.

மா. கிருஷ்ணனையும் நினைவுகூர வேண்டும். விலங்கியல் துறைப் பதவி எதிலும் இல்லாத அவர், 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளைக் குறித்துத் திரட்டியவற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் நூலாக வெளியிட்டது. பொறுமையும் ஒழுங்கான குறிப்பேடும் இருந்தால் தனிமனிதர் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

"ஆர்வலர் தரவு ஒருபக்கச் சாய்வுடையது" என்பது கல்வியாளரின் வழக்கமான மறுப்பு. அதில் உண்மை உண்டு. சாலையோரத்தில் பார்ப்பது மிகுதி. சிறுத்தையைப் பதிவோர் பலர், சுண்டெலியைப் பதிவோர் சிலர். ஆனால் சாய்வுக்கு மருந்து பதிவை நிராகரிப்பதன்று, பதிவை முழுமையாக்குவதே. நடந்த தூரம், செலவிட்ட நேரம், ஒன்றையும் காணாத நாள் ஆகியவற்றையும் எழுதினால் அக்குறிப்பு ஒப்பிடத்தக்க தரவாகிவிடும்.

இதில் பணயமாக இருப்பது நிலம். நம்மைச் சுற்றியுள்ள புதர்க்காடு அரசின் தரிசு நில வரைபடத்தில் தரிசாகவே வகைப்படுத்தப்படுகிறது. அங்கு நரியும் முயலும் மரநாயும் வாழ்ந்தன என்பதற்குத் தேதியிட்ட சான்று இல்லையெனில், அந்நிலம் அழியும்போது இழப்பு ஏற்பட்டதாகவே எவரும் கருதமாட்டார். 2023 ஆகஸ்டில் திருமலை நடைபாதையில் ஒரு சிறுமி பலியானபின் சிறுத்தை நாடெங்கும் பேசப்பட்டது. அச்சமூட்டும் விலங்கு மட்டுமே செய்தியாகிறது. சேஷாசல மலைக்காட்டின் தேவாங்கு ஓசையின்றி வாழ்ந்து ஓசையின்றி மறையக்கூடும்.

பதிவுக்கும் அறம் உண்டு. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவதும் கேமராப் பொறி வைப்பதும் கூடாது. தேவாங்கின் கண்ணில் வெண்ணொளி பாய்ச்சக் கூடாது. இரை வைத்து விலங்கை வரவழைக்கக் கூடாது. எறும்புத்தின்னியைக் கண்ட இடத்தைப் பொதுவெளியில் அறிவிப்பது வேட்டைக்காரருக்கு வழிகாட்டுவதாகும். அருகிவரும் இனங்களின் துல்லிய இருப்பிடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தளம் மறைப்பது இதனாலேயே. முகநூலில் படம் பகிரும் நாமும் அவ்வாறே மறைக்க வேண்டும்.

தொடங்குவதற்குக் காடு தேவையில்லை. வளாகத்தின் வேலியோரம், ஏரிக்கரையின் காலடித் தடம், எச்சம், முள்ளம்பன்றியின் உதிர்ந்த முள், திருப்பதி–காளஹஸ்தி சாலையில் அடிபட்டுக் கிடக்கும் உடல் ஆகிய அனைத்தும் பதிவுக்குரியனவே. சாலையில் இறந்தவற்றை ஓராண்டு முறையாகக் குறித்தாலே, விலங்குகள் எங்கே கடக்கின்றன என்பது புலப்படும். வேகத்தடையும் அடிப்பாலமும் எங்கு வேண்டும் என்று அதிகாரிகளிடம் ஆதாரத்தோடு கேட்க இயலும்.

துறைத் தலைவர்கள் இப்பதிவுகளைக் களப்பயிற்சியாக ஏற்க வேண்டும். மாணவர்கள் அந்த அங்கீகாரத்துக்காகக் காத்திராமல் இன்று மாலையே ஒரு குறிப்பேட்டைத் திறக்க வேண்டும்.