கெண்டைக்குத் தூண்டில்: கைக்காசைக் கரைக்க வேண்டாம்

பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்க்கும் சிறு விவசாயிகள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "வாரத்துக்கு இரண்டு மீன் குழம்புக்குப் பிடிக்க என்ன வழி?" இரண்டு மீனுக்காக வலை ஆட்களைக் கூப்பிட்டால் கூலி மீன் விலையை மிஞ்சிவிடும். குட்டை முழுவதும் கலங்கி, மற்ற மீன்களும் மிரண்டு அடிபடும். இதற்கு ஏற்றது தூண்டில்தான். ஆனால் தூண்டில் வாங்கப் புறப்படுகிறவர்கள் வேண்டாத சாமான்களில் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

செங்கற்பட்டுப் பக்கத்து உழவர் நண்பர் ஒருவர், மகள் கலியாணத்துக்குச் சேலை எடுக்கத் தியாகராய நகர் வந்தார். வந்த இடத்தில் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு, ரீல் பொருத்திய கம்பு, பெரிய முட்கள், டப்பாவில் அடைத்த வாசனை இரை எல்லாம் வாங்கிப் போனார். ஒரு மாதம் காத்தும் ஒரு மீன் ஏறவில்லை. முள்ளை வாங்கிப் பார்த்தேன். கடலில் கொடுவா பிடிக்கும் முள் அது! ஒரு கிலோ ரோகுவின் வாயில் அது எப்படி நுழையும்? சென்னை கடற்கரை ஊர். கடல் மீனுக்கான கனத்த சாமான்கள் கடைகளில் முன்னே நிற்பது இயல்பு. நம் குட்டைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நம் பொறுப்பு.

என் கருத்து இதுதான்: முதல் தூண்டிலுக்கு ஆகும் மொத்தச் செலவு, இரண்டு கிலோ கெண்டை மீனின் விலையைத் தாண்டக் கூடாது.

எது போதும்?

கம்பு: நன்கு முற்றிய, நுனி வளையும் மெல்லிய மூங்கில், 3 மீட்டர் நீளம். நிழலில் உலர்த்திப் பயன்படுத்தவும். நரம்பை நுனியில் மட்டும் கட்டாமல், கம்பு நெடுகச் சுற்றி அடிப்பகுதியில் முடிச்சுப் போடவும். நுனி ஒடிந்தாலும் மீன் போகாது. சிறு குட்டைக்கு ரீல் தேவையே இல்லை.

நரம்பு: 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் தங்கூசி. இரண்டு கிலோ மீன் வரை இது தாங்கும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடவும். வெயிலில் கிடந்த நரம்பு இற்றுப்போகும்.

முள்: 6 முதல் 8-ம் எண். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வைக்கவும். செலவைக் கூட்டுவதானால் முள்ளில் கூட்டலாம். மழுங்கிய முள் எந்தக் கம்பில் கட்டினாலும் பயனில்லை.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டோ நெட்டித் துண்டோ போதும். அதை நிறுத்த ஒரு சிறு ஈயக்குண்டு. கரையேற்ற ஒரு கைவலை இருந்தால் நரம்பு அறுவது குறையும்.

இரை வீட்டிலேயே இருக்கிறது

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தில் பக்தர்கள் பொரி போடும்போது மீன்கள் திரண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் குளத்து மீனைப் பிடிப்பது தகாது. பார்த்துப் பாடம் கற்கலாம். எந்த உணவுக்குப் பழகினவோ, அதைத்தான் மீன்கள் தேடி வருகின்றன.

நம் குட்டையில் அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம பங்காகப் போட்டு வளர்க்கிறோம். அதே கலவையே சிறந்த இரை. தனியாக முள்ளில் நிற்காது என்பதால், அதே அளவு கோதுமை மாவு சேர்த்து, வெந்நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டவும். கெண்டைக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில்தான் உண்டு. இரையை உறிஞ்சிப் பார்த்து, கடினமாகப் பட்டால் துப்பிவிடும். ஆகவே இரை மென்மையாக இருப்பது முக்கியம்.

இங்கிலாந்தில் 1952-ல் ரிச்சர்டு வாக்கர் என்பவர் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையுள்ள சாதாக் கெண்டையைப் பிடித்தார். பல ஆண்டுகள் அந்நாட்டின் சாதனையாக நின்ற மீன் அது. அவர் முள்ளில் வைத்த இரை ரொட்டி! டப்பா இரைக்குக் காசு கொடுக்கும் முன் இதை எண்ணிப் பார்க்கவும்.

மீனுக்கு மீன் ஆழம் வேறு. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிருகாலும் சாதாக் கெண்டையும் அடிமட்டத்திலும் மேயும். அதற்கேற்பத் தக்கையை ஏற்றி இறக்கவும். புல் கெண்டைக்குப் பசும்புல்லே இரையாகும். வெள்ளிக் கெண்டை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பதால் தூண்டிலில் சிக்குவது அரிது. அதை வலைக்கு விட்டுவிடுங்கள்.

மண்புழு வைத்தால் ஜிலேபி மீன் முந்திக்கொள்ளும். ஜிலேபிக் கெண்டை என்று சொன்னாலும் அது கெண்டை இனமன்று. 1952-ல் நம் நாட்டுக்கு வந்த திலாப்பியா. குட்டையில் அது பெருகியிருந்தால், புழு வைத்துப் பிடித்துக் குறைப்பதும் நல்லதே.

பொழுதுபோக்கு மட்டுமா?

"தூண்டில் சோம்பேறிகள் வேலை" என்பார் உண்டு. நான் ஒப்பவில்லை. தூண்டிலில் வரும் மீன் குட்டையின் நிலையைச் சொல்லும். எடை போட்டுக் குறித்து வந்தால் வளர்ச்சி தெரியும். உடலில் மீன் பேன் ஒட்டியிருக்கிறதா, செம்புண் உண்டா என்று முதலிலேயே கண்டு மருந்து தேடலாம். வலை இழுக்கும் நாளில் கண்டு என்ன பயன்? விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், அது பசியன்று. நீரில் பிராணவாயு குறைவு. அன்று தூண்டிலும் வேண்டாம், தீவனமும் வேண்டாம். புது நீர் பாய்ச்சுங்கள்.

நகரில் பழக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். அடையாற்றுப் பாலங்களின் அருகே பாட்டிலில் நரம்பைச் சுற்றி மீன் பிடிப்பவர்களைக் காணலாம். கழிவுநீர் கலக்கும் அந்த மீனைச் சமைக்க வேண்டாம். சேத்துப்பட்டு ஏரியை மீன்வளத்துறை பூங்காவாக்கி 2016-ல் திறந்தபோது தூண்டில் போடவும் இடம் ஒதுக்கியது. கட்டணமும் நேரமும் கேட்டறிந்து, அத்தகைய இடத்தில் பழகுவது நல்லது. ஊர் ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரின் அனுமதி தேவை. வெடியும் விஷமும் 1897-ம் ஆண்டுச் சட்டத்திலேயே தடுக்கப்பட்டவை. ஒரு நாள் மீனுக்காகக் குளத்தையே கொல்பவை.

முழு அறுவடைக்கு வலைதான் வேண்டும், மறுக்கவில்லை. இடைப்பட்ட மாதங்களில் வீட்டுக்கு மீனும் குட்டைக்குக் காவலும் தருவது தூண்டில். மூங்கிலும் தவிடும் பிண்ணாக்கும் வீட்டிலே இருக்க, கடைக்குப் போகும் உழவர் முள்ளும் நரம்பும் மட்டும் வாங்கித் திரும்பட்டும். மிச்சமாகும் பணத்தில் அடுத்த பருவத்துக்கு நல்ல மீன் குஞ்சுகள் வாங்கலாம்.