பழைய கணக்கும் புது கம்ப்யூட்டரும்

போன வாரம் எங்க வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து. வரப்புத் தகராறு இல்லை, வாய்க்கால் தகராறும் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிற ஆக்சஸை இப்போ மாற்றுவதா, இன்னும் கொஞ்ச நாள் இதையே ஓட்டுவதா என்பதுதான் வழக்கு. ஓரிக்கையில் இதுக்கெல்லாமா பஞ்சாயத்து என்று சென்னையில் இருக்கிற நீங்க சிரிக்கலாம். உங்க ஆபீசிலும் இதே கேள்வி ஒரு மூலையில் கிடக்கும், தேடிப் பாருங்க.

விஷயம் இதுதான். நாங்க நாற்பத்தோரு சின்ன விவசாயிங்க சேர்ந்து ஒரு குழு வெச்சிருக்கோம். நடவு மெஷின், களை எடுக்கிற மெஷின், நெல் காயவைக்கத் தார்ப்பாய் எல்லாம் பொதுவில் வாங்கி, முறை போட்டு வாடகைக்கு எடுத்துக்கிறோம். யார் எத்தனை மணி நேரம் எடுத்தாங்க, எவ்வளவு கட்டினாங்க, பாக்கி எவ்வளவு என்ற கணக்கு என் பொறுப்பு. பத்தாவது வரைக்கும் படிச்சவன், கையெழுத்து நல்லா இருக்கும் என்று என் தலையில் கட்டினாங்க. முதலில் நோட்டில் எழுதினேன். 2006ல் தெரிந்த பையன் ஒருத்தன் ஆக்சஸ் 2003ல் ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தான். நடுவில் கம்ப்யூட்டர் மாறியது, விண்டோஸ் 10 வந்தது. ஆக்சஸ் மட்டும் அதே பழசு. ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை.

இப்போ என் அக்கா பையன் புது கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வந்து வெச்சிருக்கான். "மாமா, இன்னும் இதையே வெச்சிட்டு மாரடிக்கிறீங்களே, மாத்திடலாம்" என்கிறான். "ஓடுற வண்டியை ஏன்டா பிரிக்கணும் மாப்ளே" என்று நான் கேட்டேன்.

அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கு. விண்டோஸ் 10க்குக் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். ஆக்சஸ் 2003க்கு ஆதரவு நின்றது 2014 ஏப்ரலிலேயே. இன்னொரு கஷ்டமும் உண்டு. எங்க கணக்கில் பேரெல்லாம் பாமினி எழுத்தில் ஏற்றியது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே தெரியாது. 'தமிழ்' என்ற சொல்லையே அதில் அடித்து வைத்திருந்தால், ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாகக் காட்டும். போனில் தேட முடியாது, அகர வரிசையில் அடுக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றினால் இதெல்லாம் சரியாகும்.

அதனால் ஒரு நகல் எடுத்து அவன் சோதனை செய்து பார்த்தான். கணக்கை வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்து, யூனிகோடாக்கி, தானே எழுதின ஒரு சின்ன நிரல் மூலமாகப் புது ஆக்சஸில் ஏற்றினான். ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. பேரெல்லாம் அழகான தமிழில் வந்தது. எனக்கே சந்தோஷம். மறுநாள் குழுக் கூட்டத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துப் பாக்கி வாசித்தேன்.

அரை ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிற ஒரு ஆயா எங்க குழுவில் உண்டு. 2024 சம்பா பருவத்துக்கு அவங்க பேரில் 2,400 ரூபாய் பாக்கி என்று வாசித்தேன். ஆயா ஒன்றும் பேசவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்த ரசீதை எடுத்து என் முன்னால் வைத்தாங்க. என் கையெழுத்து. தேதி 05/08/2024. "ஏம்பா, நான் குடுத்த காசு எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டாங்க. நாற்பது பேர் பார்க்கிறாங்க. எனக்குத் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா தேடினோம். புது கம்ப்யூட்டரில் தேதி அமெரிக்க முறையில் இருந்திருக்கு. அங்கே மாசம் முதலில், நாள் அப்புறம். ஆகஸ்ட் 5ஆம் தேதி கட்டிய பணம் மே 8 ஆகிவிட்டது. மே மாசம் எங்க கணக்கில் சொர்ணவாரிப் பருவம். ஆயா சம்பாவுக்குக் கட்டியது சொர்ணவாரியில் போய் உட்கார்ந்துவிட்டது.

இதில் பயங்கரம் என்ன தெரியுமா? எல்லாத் தேதியும் மாறவில்லை. 25/08 என்று இருந்தால் இருபத்தைந்தாவது மாசம் என்று ஒன்று கிடையாது. அதனால் அது சரியான தேதியாகவே ஏறியிருக்கு. 1 முதல் 12 தேதிக்குள் கட்டினவங்க கணக்கு மட்டும்தான் கெட்டது. அதிலும் 8/8 மாதிரி இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் தப்பித்தது. நாங்க சரிபார்க்க எடுத்த நாலு வரியும் மாசக் கடைசித் தேதி. எல்லாம் சரி என்று நம்பிவிட்டோம். ஆக்சஸ் மேல் பழி போட மாட்டேன். அவசரம் எங்களுடையது. ஆயாகிட்ட ரசீது இல்லாமல் போயிருந்தால்? கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு என்று அவங்களிடம் இரண்டாவது தடவை காசு வாங்கியிருப்போம். அவங்களும் கொடுத்திருப்பாங்க.

அப்போ மாற்றவே வேண்டாமா என்றால், அதுவும் தப்பு. நம்ம ஊர்க் கடைகள், அலுவலகங்கள் பலதும் ஒரு காலத்தில் பாக்ஸ்புரோவில் கணக்கு வெச்சிருந்தது. இனி புதுப் பதிப்பு கிடையாது என்று 2007லேயே அறிவித்தார்கள். 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது. எட்டு வருசம் அவகாசம் இருந்தது. ஆக்சஸிலும் அப்படித்தான். ஆக்சஸ் 97ல் செய்த கோப்பை ஆக்சஸ் 2010 திறக்கும், 2013 திறக்காது. 97 கோப்பை வெச்சுக்கிட்டு அசையாமல் இருந்தவர் இன்றைக்குப் பழைய 2010ஐ எங்காவது தேடிப்பிடித்து, அதில் ஒரு தடவை மாற்றி, அப்புறம்தான் புதுசுக்கு வர முடியும். எங்க 2003 கோப்பைப் புது ஆக்சஸ் இன்னும் திறக்குது. இந்த வசதி எத்தனை நாளைக்கு இருக்கும் என்று என்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது.

புதுசுக்குப் போனால் சிலது போகும் என்பதையும் தெரிஞ்சுக்கணும். பழைய எம்டிபி கோப்பில் ஆளுக்கொரு பேர், கடவுச்சொல் கொடுத்து, யார் எதைத் தொடலாம் என்று பிரித்து வைக்கலாம். 2007ல் வந்த ஏசிசிடிபி வடிவத்தில் அந்த வசதி கிடையாது. புது ஆபீஸ் 64 பிட்டாக இருந்தால், பழைய நிரலில் சில வரிகளைத் திருத்தி எழுதவும் வேண்டியிருக்கும். பணத்துக்கும் யோசிக்கணும். வருசா வருசம் சந்தா கட்டுவது குத்தகை நிலம் மாதிரி. ஒரே தடவை விலை கொடுத்து வாங்குகிற பதிப்பும் இருக்கு. செய்து முடித்த டேட்டாபேஸை ஓட்ட மட்டும் என்றால் ஆக்சஸ் ரன்டைம் என்று இலவசமாகவே கிடைக்குது.

இந்தக் குழப்பத்துக்கு எனக்கு வழி காட்டியது எங்க தெருத் தறிதான். எங்க பக்கம் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பட்டுத் தறியில் ஒரு பாவில் மூன்று சேலை நெய்வாங்க. இரண்டாவது சேலை பாதியில் இருக்கும்போது யாரும் பாவை அறுத்துப் புதுசு பூட்ட மாட்டாங்க. மூன்றும் முடியணும். முடிந்த பிறகும் பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, அந்த இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பாங்க. ஆயிரக்கணக்கான இழை. என் மச்சான் வீட்டில் இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால் திட்டு விழும். ஒரு இழை தப்பினால் சேலை முழுக்கக் கோடு தெரியும்.

கணக்கை மாற்றுவதும் அதே வேலைதான். நாங்க ஒரே சாயங்காலத்தில் முடிச்சோம் என்று பெருமைப்பட்டோம். ஆயா முகத்தில் கோடு விழுந்தது.

இந்த நாட்டில் பெரிய அளவிலும் இந்த வேலை நடக்குது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க 2022 ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 2,516 கோடி ரூபாய். நல்ல காரியம், வரவேற்கிறேன். மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் பழைய பாக்கி புதுசிலும் அதே பாக்கிதானா என்பதை உறுப்பினரைப் பக்கத்தில் உட்கார வெச்சு, அவர் கையில் இருக்கிற சீட்டோடு ஒத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை 63,000 இடத்திலும் செய்யணும் என்பது ஒரு ஆயாகிட்ட தலைகுனிந்தவனின் அபிப்பிராயம்.

கடைசியில் பஞ்சாயத்தில் என்ன முடிவாச்சு? மாற்றுவோம், ஆனா இப்போ இல்லை. இப்போ சம்பா அறுவடை முடிந்து நவரை நடவு தொடங்குது. இந்த நவரை முழுக்கப் பழையது, புதுசு இரண்டிலும் கணக்கு ஏறும். இரட்டை வேலைதான், மாப்பிள்ளை முனகுறான். மாசக் கடைசியில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வெச்சுப் பார்ப்போம், கூட்டுத்தொகையை மட்டும் இல்லை, ஆள் ஆளாக. தேதியை இனி எண்ணால் மட்டும் எழுதாமல் மாசத்தின் பேரோடு வெளியே எடுப்போம். பழைய கணக்கில் நாற்பத்தோரு பேரும் அவங்கவங்க ரசீதோடு வந்து ஒரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடணும். பழைய கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டைப் பிடுங்கியாச்சு. இரண்டு பென் டிரைவில் நகல், ஒன்று மச்சான் வீட்டில். சொர்ணவாரிக்கு முன்னால் எல்லாம் ஒத்துப்போனால் புதுசு. ஒத்துப்போகலை என்றால் இன்னொரு பருவம் பொறுப்போம், அதுக்கு மேல் இல்லை. அக்டோபர் 13 நினைவில் இருக்கு.

சும்மா உட்கார்ந்து காத்திருக்கிறது சோம்பேறித்தனம். இப்படி வேலை செய்துக்கிட்டே காத்திருந்தால் அது நமக்கு லாபம். நாற்றங்கால் விட்டவன் நடவுக்குக் காத்திருக்கிற மாதிரி.

உங்க கடையிலோ, ஆபீசிலோ, குடியிருப்போர் சங்கத்திலோ இப்படி ஒரு பழைய டேட்டாபேஸ் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நகல் எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்க. 12ஆம் தேதிக்குள் உள்ள நாலு வரியை முதலில் பாருங்க.

ஆயா நேற்றுத் தார்ப்பாய் எடுக்க வந்தாங்க. காசைக் கொடுத்துவிட்டு, "நோட்டுலயும் எழுதிக்கப்பா" என்றாங்க. எழுதிக்கிட்டேன்.