வரைபடத்தைத் தெருவுக்கும் காட்டுங்கள்

புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

மூலக்குளத்திலிருந்து எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 46 செ.மீ. மழை கொட்டியது. அதை எந்த ஊரும் தாங்காது. ஆனால், எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நுழையத் தொடங்கியது அதற்கும் முன்பு, வழக்கமான ஐப்பசி மழையிலேயே. பக்கத்து மனையில் பேஸ்மட்டத்தை மூன்றடி தூக்கிக் கட்டினார்கள். ஓரமாக ஓடிய வாய்க்காலில் மண்ணைக் கொட்டினார்கள். அனுமதி வாங்கிய வரைபடத்தில் அந்த வாய்க்கால் இருந்ததா என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வரைபடத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

நில அளவையின் கதாஸ்தர் எண், ஆர்.எஸ். எண், சாலையின் அகலம், பக்க இடைவெளி, கட்டட உயரம், வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் வரைபடத்தில் பார்க்க வேண்டியவைதான். ஆனால் காகிதத்தில் தனியாக நிற்கும் மனை, மண்ணில் தனியாக நிற்பதில்லை. அதன் மழைநீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதை அங்கே இருபது மழைக்காலம் பார்த்தவர்கள் அறிவார்கள். அவர்களைக் கேட்க வேண்டாமா?

நம் ஊரில் பலருக்குப் பிரான்சில் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: அங்கே கட்டட அனுமதி கிடைத்ததும், தெருவிலிருந்து படிக்கும்படி மனையில் அனுமதி விவரப் பலகை வைத்தாக வேண்டும். வைத்த நாளிலிருந்து இரண்டு மாதம், பாதிக்கப்படும் அக்கம்பக்கத்தார் நீதிமன்றம் போகலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பர் 17 அன்று, கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அனுமதி பெற்ற வரைபடத்தை அந்த இடத்திலேயே காட்சிக்கு வைக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது நேரில் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

இந்த உத்தரவு மூலக்குளத்தின் ஒவ்வொரு புதுமனையிலும் கண்ணில் பட வேண்டும். பலகை தமிழில் இருக்கட்டும். சாலையிலிருந்து பேஸ்மட்டம் எத்தனை அடி, மழைநீர் எந்த வாய்க்காலில் சேரும் என்ற இரண்டு விவரமும் அதில் இருக்கட்டும். அஸ்திவாரம் தோண்டும் முன் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்ல 15 நாள் கொடுங்கள். பெரிய கட்டடங்களுக்கு ஒப்புதல் தருவதற்கு முன், ஒரு மழை நாளில் வந்து மனையைப் பாருங்கள்.

அஸ்திவாரத்துக்கு முன் தவறு தெரிந்தால், வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றினால் போதும். மாடி எழும்பிய பிறகு தெரிந்தால், கட்டியவர் இடிக்க வேண்டும்; இல்லையென்றால் ஒவ்வொரு ஐப்பசியிலும் நாங்கள் பாத்திரத்தால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்ற வேண்டும்.

இப்படிக்கு,
மூலக்குளத்தில் குடியிருப்பவர்