கட்டியாயிற்று, போய்வர வழி வேண்டும்: சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

நகல்: மாநகராட்சி ஆணையர், மாவட்ட வன அலுவலர், அரசுப் போக்குவரத்துக் கழகப் பொது மேலாளர், திருச்சி மண்டலம்.

பொருள்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடன் குடும்பங்கள் சென்றுவரும் பொது இடங்களுக்குப் பேருந்து வசதி, திறப்பு நேரம், அடிப்படை வசதிகள் ஆகியவற்றைச் சீரமைக்கக் கோருதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

திருச்சியில் குழந்தைகளை அழைத்துப்போக இடமில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையை ஒட்டிப் பூங்கா இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மேலூரில் வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா சுமார் 25 ஏக்கரில் பரந்திருக்கிறது. கம்பரசம்பேட்டையில் ஐந்திணைகளின் பெயரால் பகுதி பிரித்து அமைத்த பறவைகள் பூங்கா 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ரயில் அருங்காட்சியகத்தில் நீராவி இன்ஜினும் பொம்மை ரயிலும் உண்டு. புதுக்கோட்டை சாலையில் கோளரங்கம், மலைக்கோட்டை அடிவாரத்தில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் என்று பட்டியல் நீள்கிறது. ஆகவே இன்னொரு பூங்கா கேட்டு நாங்கள் வரவில்லை. கைக்குழந்தையை இடுப்பிலும் நான்கு வயதுக் குழந்தையைக் கையிலும் பிடித்திருக்கும் ஒரு தாயோ பாட்டியோ இந்த இடங்களுக்குப் போய், இரண்டு மணி நேரம் இருந்து, அழாத குழந்தையோடு வீடு திரும்ப முடிகிறதா என்று கேட்கிறோம். அடுத்த பூங்காவுக்கு நிதி ஒதுக்குமுன், இருப்பவற்றுக்குப் போகும் வழியையும் அங்கே தங்கும் நேரத்தையும் சீர்செய்ய வேண்டும் என்பதே இம்மனுவின் வாதம்.

சிறு குழந்தையின் நாள் பெரியவர்களின் நாளைப் போன்றதன்று. மதியத் தூக்கம் அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. எழுந்து பால் குடித்த பின் முற்பகல் வரை ஒரு துண்டு, தூங்கி எழுந்து இருட்டும் வரை இன்னொரு துண்டு. வெளியே போய்வர இந்த இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அதில் ஒரு மணி நேரம் பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே கழிந்தால், போன இடத்தில் குழந்தை விளையாடத் தொடங்கும்போது திரும்ப வேண்டிய வேளை வந்துவிடும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் நம் ஊர் வெயில் பல நாட்கள் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதால், காலைத் துண்டும் பத்து மணியோடு முடிந்துபோகிறது. இதைச் சில குடும்பங்களின் சொந்தச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் சுமார் 74 இலட்சம்; மக்களில் பத்தில் ஒருவர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து ஆடியோட வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. அடுக்ககத்தில் வாழும் குழந்தைக்கு அந்த மூன்று மணி நேரம் வீட்டுக்குள் எங்கிருந்து வரும்?

முதலில் பேருந்து. மற்றவற்றை எல்லாம் விட இதையே நாங்கள் முக்கியமாகக் கருதுகிறோம். சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் மகளிருக்குக் கட்டணமில்லை. ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு அரசுப் பேருந்தில் பயணச்சீட்டு வேண்டாம் என்ற அறிவிப்பு 2022-இல் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தாயும் அவருடைய சிறு குழந்தையும் ஊருக்குள் எங்கே போய்வந்தாலும் பேருந்துச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஏழைக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமையை மாற்றக்கூடிய சலுகை இது. ஆனால் சலுகை தாளில் இருந்தால் போதாது, அதற்குரிய பேருந்து அந்தத் தடத்தில் ஓட வேண்டும். திருச்சியில் தனியார் நகரப் பேருந்துகள் ஏராளம். அவற்றில் இச்சலுகை செல்லாது. மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு 1-ஆம் எண் பேருந்து ஒன்று போனால் இன்னொன்று பின்னாலேயே வருவதை ஊரே அறியும். அந்த அடர்த்தி ஸ்ரீரங்கத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேற்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வரையுள்ள சில கிலோமீட்டர்தான் பயணத்தின் கடினமான பகுதி. அதை ஆட்டோவில் கடக்க வேண்டியிருப்பதால், இலவசமாகத் தொடங்கிய பயணம் செலவு மிகுந்ததாக முடிகிறது. கம்பரசம்பேட்டையும் முக்கொம்பும் நகருக்கு மேற்கே காவிரியை ஒட்டி ஒரே திசையில் இருப்பதால், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரே தடத்தில் இரண்டையும் இணைத்துவிடலாம். சனி, ஞாயிறு காலையிலும் மாலையிலும் ஸ்ரீரங்கத்திலிருந்து மேலூர் பூங்கா வரை ஒரு சாதாரணக் கட்டணப் பேருந்தும், சத்திரத்திலிருந்து பறவைகள் பூங்கா வழியாக முக்கொம்புக்கு இன்னொன்றும் குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும். அந்த நேரம் நிறுத்தத்திலும் பூங்கா வாயிலிலும் எழுதிவைக்கப்பட வேண்டும். எண்ணிக்கையைவிட நேரம் தவறாமை பெரிது. மாலை 5.30-க்கு வண்டி உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால், குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் தயங்காமல் கிளம்புவார்.

அடுத்தது திறப்பு நேரம். இவ்விடங்கள் பெரும்பாலும் அலுவலக நேரத்தை ஒட்டியே இயங்குகின்றன. அதாவது குழந்தை தூங்கும் வேளையிலும் வெயில் உச்சியில் நிற்கும் வேளையிலும் திறந்திருந்து, குழந்தைக்கு ஏற்ற வேளையில் மூடிக்கொள்கின்றன. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையோடு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மாதத்தில் உறுதியாகக் கிடைக்கும் ஓய்வு நாட்களில் ஒன்று அந்த இரண்டாம் சனி. அன்று அருங்காட்சியகம் பூட்டியிருப்பதில் என்ன நியாயம் இருக்கிறதோ, எங்களுக்கு விளங்கவில்லை. ஊழியர்களுக்கு விடுப்பு வேண்டும்தான். அதை வார நடுவில் வேறொரு நாளுக்கு மாற்றித் தரலாம். எல்லா இடத்தையும் விடியலில் திறக்கச் சொல்லும் அளவுக்கு நாங்கள் விவரமற்றவர்களும் அல்லர். வண்ணத்துப்பூச்சி குளிர் இரத்தப் பூச்சி. வெயில் பட்டுச் சிறகு சூடேறிய பிறகே பறக்கும். ஆறு மணிக்கு மேலூர் பூங்காவைத் திறந்தால் குழந்தைக்குச் செடிகள்தான் கண்ணில் படும். அங்கே எட்டு மணி பொருத்தமாக இருக்கும். பறவைகள் பூங்காவுக்கு அதைவிட முந்தைய நேரம் ஏற்றது. பருவமும் இப்படித்தான். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில்தான் வண்ணத்துப்பூச்சிகள் மிகுதி. பள்ளி விடுமுறைக் கூட்டமோ மே மாதத்தில். பள்ளிக்குப் போகாத குழந்தை கோடை விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நவம்பரிலும் ஜனவரியிலும் வரச்சொல்லிப் பூங்காக்கள் அங்கன்வாடிகள் வழியாகப் பெற்றோருக்கு அறிவிக்கலாம். அதற்குச் செலவும் பெரிதாக இராது.

வசதிகளைப் பொறுத்தவரை, எந்த இடத்தில் எது இல்லை என்று நாங்கள் இங்கே பட்டியலிடவில்லை. அதைக் கண்டறிந்து வெளியிடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. எவற்றைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறோம். குழந்தை உட்காரும் உயரத்தில் கழிப்பறை, உடை மாற்ற ஒரு மேடை, பாலூட்டும் அறை, குடிநீர், விளையாட்டுக் கருவிகளுக்கு மேல் நிழல், தள்ளுவண்டி ஏறும் சாய்தளம். வெயிலில் காய்ந்த இரும்புச் சறுக்குமரத்தில் குழந்தை உட்கார முடியாது என்பது அதை வாங்குபவருக்குத் தோன்றாமல் போவதுதான் வியப்பு. பாலூட்டும் அறை ஒன்றும் புதுமையான கோரிக்கை அல்ல. பேருந்து நிலையங்களில் 2015-லேயே தமிழக அரசு அவற்றைத் திறந்தது. அதே ஏற்பாட்டைப் பூங்காக்களுக்கும் விரிக்கச் சொல்கிறோம். சாய்தளமோ சட்டப்படியான கடமை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்றச் சொன்னது. அதற்குரிய விதிகள் 2017-இல் வந்தன. சக்கர நாற்காலிக்கு அமைக்கும் அதே சாய்தளத்தில் குழந்தையின் வண்டியும் ஏறும், முழங்கால் வலியுள்ள பாட்டியும் ஏறுவார்.

இவை வெவ்வேறு துறைகளின் கையில் இருக்கின்றன, ஒருங்கிணைப்பது கடினம் என்று சொல்லப்படலாம். உண்மைதான்: வனத்துறை, நீர்வளத்துறை, அருங்காட்சியகங்கள் துறை, உள்ளாட்சி, போக்குவரத்துக் கழகம், போதாததற்கு ரயில்வே. ஆனால் ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் என்ன நடக்கிறது? ஆற்றில் தடுப்புக் கட்டுகிறார்கள், தீயணைப்பு வீரர்கள் நிற்கிறார்கள், பெண்கள் உடை மாற்ற மறைவிடம் அமைகிறது, போக்குவரத்து மாற்றிவிடப்படுகிறது. இத்தனை துறைகளும் ஆட்சியரின் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பதால்தான் அது கைகூடுகிறது. ஆண்டுக்கு ஒருநாள் பெருங்கூட்டத்துக்காகச் செய்ய முடிந்ததை, வாரத்தில் இரண்டு நாள் சிறு கூட்டத்துக்காகவும் செய்ய முடியும் என்றே நம்புகிறோம். ரயில்வே மாவட்ட நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டதன்று. அதற்குக் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதக் கேட்கிறோம்.

வணிக வளாகங்களில் குளிரூட்டிய விளையாட்டுக் கூடங்கள் வந்துவிட்டனவே என்பவர்களும் உண்டு. அங்கே மணிக்கணக்கில் கட்டணம் தர முடிந்தவர்களுக்கு அது நல்லதே. மற்றவர்களுக்கு அது விடையாகாது. பெற்றோர் தெருவில் விளையாடி வளர்ந்தவர்கள்தானே என்ற பேச்சுக்கும் நிறையப் பதில் தேவையில்லை. தில்லைநகரிலோ உறையூரிலோ மாலை ஆறு மணிக்கு ஒரு தெருவில் நின்று பார்த்தால் போதும். பாதுகாப்புப் பற்றிய எதிர்ப்பு இவற்றைவிடக் கனமானது. முக்கொம்பு ஆற்றங்கரை. மேட்டூரிலிருந்து மிகுதியாக நீர் திறந்தால் ஓட்டம் சட்டென மாறிவிடும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன. நேரத்தை நீட்டினால் காவலும் நீள வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆட்கள் கிடைக்கும் வரை முக்கொம்பில் மாலை நேரத்தை நீட்ட வேண்டாம். அங்கே காலையை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால் போதும். வெள்ளக் காலத்தில் பூங்கா மூடப்படும் செய்தி முதல் நாள் மாலையே தெரிவிக்கப்பட வேண்டும். குழந்தையோடு பதினெட்டுக் கிலோமீட்டர் போன பிறகு பூட்டிய கதவைப் பார்ப்பதைத் தவிர்க்க ஒரு வரி அறிவிப்பு போதும்.

எனவே, மேற்சொன்ன இரண்டு பேருந்துத் தடங்களையும் மூன்று மாதம் சோதனை முறையில் இயக்கவும், ஏறுவோர் எண்ணிக்கையைப் பார்த்து நிலைப்படுத்தவும் ஆணையிட வேண்டுகிறோம். மாநில அரசின் துறைகளிடம் உள்ள இடங்களின் திறப்பு நேரத்தை ஒரே கூட்டத்தில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். இரண்டாம் சனி விடுமுறையை மாற்ற அருங்காட்சியகங்கள் துறைக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். வசதிகள் பற்றிய ஆய்வில் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரையும், சிறு குழந்தையுள்ள தாய் ஒருவரையும் சேர்த்து, அறிக்கையை மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டுமே இப்போது செய்ய இயலும் என்றால், பேருந்தை முதலில் விடுங்கள். மற்றவற்றைக் கேட்க அதில் ஏறி வருபவர்களே முன்வருவார்கள். மேலூரில் வண்ணத்துப்பூச்சிகள் மிகும் நவம்பருக்குள் அந்த வண்டி ஓடத் தொடங்க வேண்டும் என்பதால், இது குறித்து நேரில் பேச எங்கள் பிரதிநிதிகளுக்கு விரைவில் ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.