புயல் மாதங்களில் கல்லூரி பார்க்கப் போவது

திருப்பூரை ஒட்டிய திருமுருகன்பூண்டியைப் புயல் நேரடியாகத் தாக்குவது அபூர்வம். ஊரிலிருந்து போகும் வழியைத்தான் அடைத்துவிடுகிறது. பிள்ளையைச் சேர்க்கும் முன் சென்னை, புதுச்சேரி பக்கக் கல்லூரிகளை ஒருமுறை பார்த்துவர நினைக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தொடர்ந்தாற்போல் லீவு கிடைப்பது பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித்தான். போனஸ் கையில் இருக்கும், தையல் மெஷின்கள் ஓய்ந்திருக்கும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலின் புயல் காலம். 2020 நவம்பரில் நிவர் புயலால், சென்னையில் நேரில் நடந்துகொண்டிருந்த மருத்துவக் கலந்தாய்வே தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பேசின்பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையே பாலத்தில் வெள்ளம் ஏறி, சென்ட்ரலுக்கும் கோவைக்கும் இடையே ஓடும் ரயில்கள் ரத்தாயின.

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடுகிறது. புயலின் பாதை தெளிவாவதோ நாலைந்து நாட்களுக்கு முன்புதான். ரயில்வே ரத்து செய்த டிக்கெட்டுக்கு முழுப் பணமும் திரும்பும், வீணான லீவு திரும்பாது. ஆகவே தீபாவளி லீவில் கோவை, ஈரோடு, சேலம் கல்லூரிகளைப் பார்த்து முடிப்பதே நல்லது. கடலோரப் பயணத்துக்கு ஜனவரி, பிப்ரவரி ஏற்றவை. வகுப்புகள் நடக்கும், விடுதிச் சாப்பாட்டையும் நேரில் பார்க்கலாம். மழை முடிந்து போவதில் முக்கியமான லாபம் ஒன்று உண்டு: விடுதியின் தரைத்தளச் சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை இருந்தால், மேல்மாடி அறை கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுவிடலாம்.