காற்று இலவசம், வட்டி இலவசமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

பருவநிலை மாற்றத்தைத் தடுக்கப் பணம் எங்கே என்று வினவிய தங்கள் தலையங்கத்தை வாசித்தபோது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பது வருஷங்களாகச் சுழலும் காற்றாலைகள் அதற்கு ஒருவாறு விடை பகர்கின்றனவே என்று எனக்குத் தோன்றிற்று. அனல் நிலையத்துக்கு நாள்தோறும் நிலக்கரி வாங்கவேண்டும். காற்றாலைக்கோ எரிபொருட் செலவே இல்லையெனினும், ஆயுட்காலச் செலவில் பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே மூலதனமாகக் கொட்டிவிட வேண்டியிருப்பதால், அதன் மின்சாரம் மலிவா கிராக்கியா என்பதைக் காற்றோடு சேர்ந்து வட்டி விகிதமும் நிர்ணயிக்கிறது.

1990-களில், முதலீடு முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமானவரிச் சட்டம் இடங்கொடுத்தபடியால், யந்திரம் எத்தனை யூனிட் தரும் என்பதைவிட எவ்வளவு வரி மிச்சமாகும் என்று கணக்குப் பார்த்தவர்களும் இங்கே வந்து சேர்ந்தனர். (குறை கூறவில்லை, அவர்கள் வந்திராவிடில் இக்கணவாயிலுள்ள முப்பந்தல் என்னும் ஊரை யார் அறிவார்?) ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும் என்ற நியதிப்படி பொன்னுக்கு நிகரான இக்கணவாயின் சிறந்த இடங்களில், 250 கிலோவாட் அளவே உள்ள பழைய யந்திரங்கள் பல வீற்றிருக்க, 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதியவை காற்றுக் குறைந்த ஊர்களை நாடவேண்டிய விபரீதம் நேர்ந்திருக்கிறது.

பழையவற்றைப் பெயர்த்துப் புதியவற்றை நடுவோருக்கு மானியத்தைக் காட்டிலும் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனே பிரயோஜனப்படும் என்பது என் அபிப்பிராயம். காற்று மிகுந்த தென்மேற்குப் பருவத்தில் விற்ற மின்சாரத்தின் கிரயம் உரிய காலத்தில் கைக்கு வரும் என்ற நிச்சயம் இருந்தால், எந்த வங்கியும் வட்டியைச் சற்றே தளர்த்தும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
நாகர்கோவில்